ட்ரிப் சுவிட்ச் விழும் வீட்டுக்கு யாரைக் கூப்பிடுவது? மலையகத்தில் நம்பிக்கையான எலெக்ட்ரீஷியனைத் தேடிப் பிடிக்க ஒரு முழு வழிகாட்டி

ஜூலை மாதம். ஹட்டன் பக்கம் மழை பிடித்துக்கொண்டால் தெரியும்தானே, மூன்று நாளைக்குத் துணி காயாது. அப்படி ஒரு ராத்திரி எங்கள் வீட்டு ட்ரிப் சுவிட்ச், அதாவது கரண்ட் எங்காவது ஒழுகினால் தானாக அணைந்துவிடுகிற சுவிட்ச், விழுந்தது. தூக்கினால் நிற்கவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் யாரையோ தெரியும் என்றான். வந்தவர் நனைந்த ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் போர்டைத் திறந்தார். பத்து நிமிசத்தில் லைட் எரிந்தது. "இனி விழாதுங்க" என்றார். டீ குடித்துவிட்டு, கேட்ட காசை வாங்கிக்கொண்டு போனார். கெட்டிக்காரர் என்று நாங்களும் நாலு பேரிடம் சொன்னோம்.

அவர் சொன்னபடியே அது விழவில்லை. மூன்று வாரம் கழித்து, குளியலறைக் குழாயைத் திறந்த என் மனைவிக்குச் சுர்ரென்று கரண்ட் அடித்தது. அப்போதும் விழவில்லை. இரண்டாவதாக வந்தவர் போர்டைக் கழற்றி டார்ச் அடித்துக் காட்டினார். ட்ரிப் சுவிட்சுக்கு உள்ளே போகிற வயரையும் வெளியே வருகிற வயரையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றியிருந்தது. சுவிட்ச் சும்மா அழகுக்கு நின்றுகொண்டிருந்தது.

கரண்டைக் கொண்டுவரத் தெரிந்தவர்கள் எங்கள் டவுனில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஏன் போனது என்று தேடுகிறவர்கள்தான் குறைவு. கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்த இரண்டாவது வகை ஆளைக் கண்டுபிடிப்பதற்கு. காய்ந்த ஒரு பகல் பொழுதிலேயே அவரைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள். மழை ராத்திரியில் தேடினால் கையில் கிடைத்தவர்தான் வருவார்.

படி 1: கோளாறு வீட்டுக்குள்ளா, வெளியிலா?

எலெக்ட்ரீஷியனுக்கு போன் போடுவதற்கு முன்னால் ஜன்னலைத் திறந்து பாருங்கள். அக்கம்பக்கமும் இருட்டு என்றால் அது மின்சார சபையின் வேலை. 1987-க்கு அழைத்துச் சொல்ல வேண்டும். பில்லில் இருக்கும் கணக்கு இலக்கத்தைக் கேட்பார்கள், அதனால் பழைய பில் ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். உங்கள் வீடு மட்டும்தான் இருட்டு, ஆனால் போர்டில் எல்லா சுவிட்சும் மேலேதான் இருக்கிறது என்றால் அதுவும் பெரும்பாலும் சபையின் பக்கம்தான். போஸ்ட்டிலிருந்து மீட்டர் வரை வரும் சேர்விஸ் வயரும், மீட்டரும், அதன் சீலும் அவர்களுடையவை. மீட்டருக்குப் பின்னால் உள்ளதெல்லாம் நம்முடையது.

இந்தக் கோட்டை மனதில் வைத்துக்கொள்வது ஆளைத் தேர்ந்தெடுக்கவும் உதவும். "சபைக்கெல்லாம் சொல்லத் தேவையில்ல, சீலை நானே கழற்றிப் பார்க்கிறேன்" என்று ஒருவர் சொன்னால் அவரை அங்கேயே நிறுத்திவிடுங்கள். மாட்டினால் வழக்கு வீட்டுக்காரர் பெயரில்தான் வரும்.

இன்னொன்று. பல்புகள் திடீரென்று அளவுக்கு மீறிப் பளீரென்று எரிந்தாலோ, ஒரு அறையில் மங்கி இன்னொரு அறையில் பொங்கினாலோ உடனே மெயின் சுவிட்சை இறக்குங்கள். வெளி லைனில் நியூட்ரல் வயர், அதாவது கரண்ட் திரும்பிப் போகிற வயர், அறுந்திருக்கலாம். 230 வோல்ட்டுக்கு மேல் ஏறி வந்து டிவி, பிரிட்ஜ் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எரித்துவிடும். மரம் விழுந்த பிறகும், மண் சரிந்து போஸ்ட் சாய்ந்த பிறகும் இதை அதிகம் பார்க்கலாம். இறக்கிவிட்டு 1987-க்குச் சொல்லுங்கள், அவர்கள் சரி செய்யும்வரை தூக்கவேண்டாம்.

படி 2: ஆள் வருவதற்குள் நீங்கள் செய்யக்கூடியது

ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் அது கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. எங்கோ கரண்ட் ஒழுகுகிறது, அதைத்தான் அது சொல்கிறது. வீட்டில் மாட்டுகிற சுவிட்ச் பெரும்பாலும் 30 மில்லி அம்பியரில் விழுகிற வகை. மனித உடம்பு தாங்கும் அளவைக் கணக்கில் வைத்து அமைத்தது அது.

கை காய்ந்திருக்கட்டும், காலில் ரப்பர் செருப்பு இருக்கட்டும். போர்டில் ட்ரிப் சுவிட்சுக்குப் பக்கத்தில் வரிசையாக, லைனுக்கு ஒன்றாக நிற்கிற சின்ன சுவிட்சுகளை (எம்.சி.பி.) எல்லாம் இறக்குங்கள். ட்ரிப்பைத் தூக்குங்கள். நின்றால், எம்.சி.பி.களை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த லைனில்தான் கோளாறு. அதை மட்டும் இறக்கி வைத்துவிட்டு மீதி வீட்டை விடியும்வரை ஓட்டலாம். அது பிளக் லைன் என்றால் எல்லா பிளக்கையும் கழற்றிவிட்டு இன்னொரு முறை பாருங்கள். பாதி நேரம் குற்றவாளி ரைஸ் குக்கராகவோ தண்ணீர் சுடவைக்கிற ஹீட்டர் கம்பியாகவோ இருக்கும், எலெக்ட்ரீஷியனே தேவைப்படாது.

எல்லா எம்.சி.பி.யும் கீழே இருந்தும் ட்ரிப் நிற்கவில்லையா? பெரும்பாலும் ஏதோ ஓரிடத்தில் நியூட்ரல் வயர் எர்த்தை, அதாவது மண்ணுக்குப் போகிற வயரை, தொடுகிறது. சாதாரண எம்.சி.பி. லைவ் வயரை மட்டும்தான் வெட்டும், நியூட்ரல் அப்படியே தொடர்ந்திருக்கும். இதற்கு நம் கைவைத்தியம் போதாது. ஆனால் போனில், "எல்லாத்தையும் இறக்கியும் நிக்க மாட்டேங்குது" என்று ஒரு வரி சொன்னால், வேலை தெரிந்தவருக்கு எங்கே தேடுவது என்று பாதி புரிந்துவிடும். புரியாதவர் அங்கேயே மாட்டிக்கொள்வார்.

கருகல் வாடை, சுவிட்ச் சுடுவது, போர்டுக்குள் சடசடவென்று சத்தம் இருந்தால் பரிசோதனை ஒன்றும் வேண்டாம். மெயினை இறக்கிவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள். தீ என்றால் 110. கரண்ட் இருக்கும்போது தண்ணீர் ஊற்றக்கூடாது. யாருக்காவது கரண்ட் அடித்து ஒட்டிக்கொண்டால் அவரைத் தொடாமல் முதலில் மெயினை இறக்குங்கள், முடியாவிட்டால் காய்ந்த பலகையால் தள்ளிவிடுங்கள், 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். வெளியே வயர் அறுந்து கிடந்தால், அதில் கரண்ட் இல்லை என்று யார் சொன்னாலும் அந்தப் பக்கம் போகவேண்டாம். நனைந்த மண்ணே கரண்டைக் கடத்தும்.

படி 3: பெயர்களைச் சேர்த்தல்

மூன்று பெயராவது வேண்டும். ஒருவருக்கு பதுளையில் கல்யாண வீடு, ஒருவர் கொழும்பில் கொந்தராத்து வேலையில் என்றால் மூன்றாமவராவது இருக்கவேண்டும்.

ஹார்ட்வெயார் கடையில் கேட்பது நல்ல தொடக்கம். ஆனால் "நல்ல ஆள் யாரு?" என்று கேட்காதீர்கள், கடைக்காரர் தன்னிடம் அதிகம் சாமான் வாங்குபவரைச் சொல்வார். "உங்க வீட்டுக்கு யாரு வந்து செய்வாங்க?" என்று கேளுங்கள். பதில் வேறு பெயராக வந்தாலும் ஆச்சரியமில்லை.

தோட்டப் பகுதியில் இருந்தால் தேயிலை பெக்டரியை மறக்கவேண்டாம். அங்கே மோட்டாரும் பேனல் போர்டும் பார்க்கிற எலெக்ட்ரீஷியன், வேலை முறை தெரிந்தவராக இருப்பார். லீவு நாளில் வீட்டு வேலைக்கு வருவாரா என்று விசாரித்துப் பார்க்கலாம். தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையம் பக்கத்தில் இருந்தால், படிப்பிக்கிற போதனாசிரியரிடம் அங்கே படித்து வெளியேறி ஊரிலேயே வேலை செய்கிறவர்கள் யார் என்று கேட்கலாம். எனக்குக் கிடைத்த மிக நல்ல பெயர் அப்படி வந்ததுதான்.

கோயில் திருவிழாவுக்கு சீரியல் லைட் கட்டுகிற தம்பியை எல்லோருக்கும் தெரியும், அவசரத்தில் அவரைத்தான் முதலில் கூப்பிடுவோம். திருவிழாவுக்கு மூன்று நாளில் கழற்றப்போகிற வயரை இழுத்தால் போதும். வீட்டு வயர் முப்பது வருசம் சுவருக்குள் கிடக்க வேண்டும். இரண்டும் ஒரே தொழில் இல்லை. அந்தத் தம்பி வீட்டு வேலையும் படித்திருக்கலாம், இல்லையென்று சொல்லவில்லை. கேட்டுப் பார்த்துக் கூப்பிடுங்கள்.

சபையில் லைன் வேலை செய்பவர்களும் அப்படித்தான். போஸ்ட்டில் ஏறுவதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. ஆனால் வீட்டுக்குள்ளே பார்ப்பது அவர்கள் கடமையும் இல்லை, எல்லோருக்கும் அதில் பழக்கமும் இருக்காது.

பெயர்களை மொழி பார்த்துச் சுருக்கிக்கொள்ளாதீர்கள். கினிகத்தேனை, வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் நல்ல சிங்கள எலெக்ட்ரீஷியன்கள் பலர் இருக்கிறார்கள். "பாஸ்" என்று கூப்பிட்டு, எர்த், நியூட்ரல், ட்ரிப் என்று நாம் சொல்லும் வார்த்தைகளையே சொன்னால் போதும். இந்தத் தொழிலில் இரண்டு மொழிக்கும் பாதி அகராதி ஒன்றுதான்.

படி 4: போனில் நாலு கேள்வி

என்.வி.கியூ. இருக்கிறதா, எந்த மட்டம் என்று கேளுங்கள். தேசிய தொழில் தகைமையில் எலெக்ட்ரீஷியனுக்கு 3, 4 ஆகிய மட்டங்கள் உண்டு. பள்ளிக்கூடம் போகாமல் அப்பாவிடமோ பாஸிடமோ தொழில் பழகியவர்களும் செய்முறைப் பரீட்சை கொடுத்து இந்தச் சான்றிதழை எடுக்க முடியும். அதனால் "நாங்க அனுபவத்துல வந்தவங்க" என்பது சான்றிதழ் இல்லாததற்குக் காரணமாகாது. ஆனால் சான்றிதழ் இல்லை என்பதற்காக மட்டும் ஒருவரைத் தள்ளவும் நான் சொல்லமாட்டேன். எனக்குத் தெரிந்த கைதேர்ந்த ஒருவரிடம் ஒரு கடுதாசியும் கிடையாது. மற்றக் கேள்விகளுக்கு அவர் பதில் சுத்தமாக இருந்தது.

மற்றக் கேள்விகள் இவை: உங்களிடம் மெகர் இருக்கிறதா? கடைசியாக இந்த டவுனில் யார் வீட்டில் வேலை செய்தீர்கள், நான் அவர்களிடம் பேசலாமா? ராத்திரி கூப்பிட்டால் வருவீர்களா, அதற்கு எவ்வளவு எடுப்பீர்கள்?

மெகர் கேள்விதான் இதில் முக்கியம். வயரின் உறை கெட்டிருக்கிறதா என்று 500 வோல்ட் கொடுத்துப் பார்க்கிற கருவி அது. வீட்டு வயரிங் நன்றாக இருந்தால் குறைந்தது 1 மெகா ஓம் காட்டவேண்டும். அது இல்லாமல் ஒழுக்கைத் தேடுவது இருட்டில் ஊசி தேடுவது மாதிரி. மெகர் என்றால் என்னவென்று கேட்கிறவரிடம் பல்ப் மாற்றுகிற வேலையை மட்டும் கொடுங்கள்.

படி 5: சின்ன வேலை கொடுத்துப் பாருங்கள்

அவசரம் வருமுன் ஏதாவது சின்ன வேலைக்குக் கூப்பிடுங்கள். ஒரு பிளக் பொயிண்ட் மாற்றுவது போதும். பழைய வீடுகளில் இன்னும் உருண்டைப் பின் சொக்கட் இருக்கும். 13 அம்பியர் சதுரப் பின்தான் இப்போது நாட்டின் தரம், எப்படியும் மாற்றவேண்டியதுதான். அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று பாருங்கள்.

எங்கள் வீட்டுக்கு வந்த அந்த இரண்டாமவர் உள்ளே வந்ததும் போர்டைத் தொடவில்லை. முதலில் கேள்விதான். "எந்த நேரத்துல விழுந்துச்சு அக்கா? மழை பெய்யும்போதா, இல்ல அடுப்படியில ஏதாச்சும் போடும்போதா?" மழையில்தான் என்றாள் என் மனைவி. அப்புறம்தான் போர்டைத் திறந்து அந்த முறுக்கிய வயரைக் கண்டார். மெயினை இறக்கினார். இறக்கிய பிறகும் டெஸ்டரை வைத்து உண்மையிலேயே கரண்ட் இல்லையா என்று பார்த்தார், அதற்கு முன்னால் அந்த டெஸ்டர் வேலை செய்கிறதா என்று கரண்ட் உள்ள ஒரு பிளக்கில் வைத்துப் பார்த்திருந்தார். மெகரை மாட்டி ஒவ்வொரு லைனாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் வெளி லைட் லைனில் நின்றார்.

குளியலறைக்கு வெளியே இருந்த அந்த லைட்டுக்குப் போகும் வயர் தகரத்துக்கு அடியில் வந்து சுவருக்குள் இறங்குகிறது. தகரத்தில் ஒழுகிய தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டே இறங்கி ஹோல்டருக்குள் சேர்ந்திருக்கிறது. கழற்றி என் கையில் வைத்தார். செம்பு பச்சை பூத்துப்போய், அழுத்தினால் உதிர்கிற நிலையில் இருந்தது. நனைந்த சுவர் வழியாக அந்தக் கரண்ட் குழாய் வரைக்கும் வந்திருக்கிறது. புது வயரை மாட்டும்போது ஹோல்டருக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலே ஏற்றினார். தண்ணீர் வந்தாலும் வளைவில் சொட்டிப் போய்விடுமாம். அந்த வளைவைப் பார்த்ததும் இவர்தான் நம் ஆள் என்று முடிவு செய்துவிட்டேன்.

போகும்போது புது ட்ரிப் சுவிட்சில் T என்று எழுதியிருக்கிற சோதனைப் பொத்தானை அழுத்தி விழுகிறதா என்று காட்டினார். அதை மாதம் ஒருமுறை நாமே அழுத்திப் பார்க்கலாம். விழவில்லையென்றால் சுவிட்ச் செத்துவிட்டது, அல்லது எங்கள் வீட்டைப் போல யாரோ சாகடித்திருக்கிறார்கள். ஆனால் அவர் சொன்ன இன்னொன்றையும் கேளுங்கள்: அந்தப் பொத்தான் சுவிட்சைத்தான் சோதிக்கும், எர்த்தைச் சோதிக்காது. எர்த்தே இல்லாத வீட்டிலும் பொத்தானை அழுத்தினால் விழும்.

படி 6: காசும் சாமானும்

வந்து பார்க்கிற கூலி வேறு, வேலைக் கூலி வேறு, சாமான் விலை வேறு. மூன்றையும் தனித்தனியாகச் சொல்லச்சொல்லுங்கள். தோட்டங்களுக்கு ஓட்டோ பிடித்து வரவேண்டும் என்றால் அந்தக் காசையும் முன்பே பேசிவிடுங்கள், கடைசியில் வாசலில் நின்று பேரம் பேசினால் இரண்டு பேருக்கும் மனம் கசக்கும்.

சாமான் பட்டியலை எழுதி வாங்கி நீங்களே கடைக்குப் போவது நல்லது. வயரில் எஸ்.எல்.எஸ். என்கிற இலங்கைத் தர முத்திரை இருக்கிறதா பாருங்கள். லைட்டுக்கு 1/1.13, பிளக்குக்கு 7/0.67 என்று எழுதியிருப்பார் (முதல் எண் எத்தனை இழை, அடுத்தது ஒரு இழையின் தடிமன் மில்லிமீட்டரில்). பிளக் லைனுக்கும் 1/1.13 எழுதியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். பழைய சாமானைக் கையில் தரச்சொல்லி வாங்குங்கள். பிரிட்ஜுக்கும் மோட்டாருக்கும் மாற்றியதாகச் சொல்லி மாற்றாமல் போன கதைகள் ஊருக்கு ஊர் உண்டு.

அட்வான்ஸாக சாமான் காசு கொடுக்கலாம். கூலியை வேலை முடிந்த பிறகுதான் கொடுக்கவேண்டும். பேசியதை விட நேரம் எடுத்து நன்றாகச் செய்தவருக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள். அடுத்த மழைக்கு முதலில் உங்கள் வீட்டுக்குத்தான் வருவார்.

படி 7: பெரிய வேலை என்றால்

முழு வீட்டு வயரிங், புது போர்டு, குளியலறை ஹீட்டர் இவை எல்லாம் பெரிய வேலை. நுவரெலியா, ஹப்புத்தளைப் பக்கம் ஹீட்டர் இல்லாத வீடு குறைந்துகொண்டே வருகிறது. 3,500 வொட் ஹீட்டர் ஒன்று 15 அம்பியருக்கு மேல் இழுக்கும். வீட்டுக்கு வருவதே 30 அம்பியர் இணைப்பு என்றால் பாதி அதற்கே போய்விடும். பக்கத்திலுள்ள பிளக்கிலிருந்து வயர் இழுத்து ஹீட்டர் மாட்டுகிறேன் என்பவரை அனுப்பிவிடுங்கள். போர்டிலிருந்து தனி லைன், தனி எம்.சி.பி., வயர் 7/0.85-க்குக் குறையாமல். இதைக் கேட்காமலேயே அவராகச் சொன்னால் சந்தோசம்.

எர்த் பற்றி நம் மலைக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. ஒன்றரை அடி தோண்டினால் பாறை. கம்பி இறங்காததால் பாதியை வெட்டி எறிந்துவிட்டு மண்ணைப் போட்டு மூடுகிறவர்கள் இருக்கிறார்கள். எர்த்தைத் தண்ணீர்க் குழாயில் கட்டிவிடுகிற பழக்கமும் உண்டு. இரும்புக் குழாய்க் காலத்து யோசனை அது, இப்போது பாதி வழியில் பி.வி.சி. குழாய் இருப்பதால் அந்த எர்த் எங்கும் போய்ச் சேராது. எர்த்தை அளந்து காட்டச் சொல்லுங்கள், அதையும் காய்ந்த நாளில். மேற்குச் சரிவில் ஜனவரி முதல் மார்ச் வரை அதற்கு நல்ல காலம். மழையில் ஊறிய மண் எந்த மோசமான எர்த்துக்கும் நல்ல ரீடிங் காட்டிவிடும்.

கடை வைத்திருப்பவர்கள் சின்ன ஜெனரேட்டர் வாங்கினால், அதை பிளக்கில் செருகி வீட்டுக்குக் கரண்ட் கொடுக்கவே கூடாது. அந்தக் கரண்ட் வெளியே லைனில் ஏறும். போஸ்ட்டில் வேலை செய்கிறவரின் உயிர் போகும். சபைக் கரண்ட், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டுக்கு விடுகிற சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் மாட்டித் தருகிறேன் என்கிறவர் எலெக்ட்ரீஷியனே இல்லை.

லயத்து வீடுகளுக்கு

லக்ஷபான நீர்மின் நிலையம் 1950-இல் ஓடத் தொடங்கியது, 150 மெகாவொட் கொண்ட மேல் கொத்மலை நிலையம் 2012-இல் தலவாக்கலையிலேயே வந்தது. இவ்வளவும் நம் ஆற்றுத் தண்ணீரில். ஆனால் பக்கத்துக் காம்பராவிலிருந்து வயர் இழுத்து லைட் போடுகிற நிலை இன்னும் சில லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருக்கிறது.

லயத்தில் ஒரு வீட்டு மின்னொழுக்கில் தீப் பிடித்தால் அது அந்த ஒரு வீட்டோடு நிற்காது. கூரை ஒன்று, நடுவில் இருக்கிற தடுப்புச் சுவரும் பல இடங்களில் கூரை வரை ஏறாது. அதனால் இங்கே எலெக்ட்ரீஷியனைத் தனியாகக் கூப்பிடுவதை விட, லயமாகச் சேர்ந்து கூப்பிடுவதுதான் வழி. ஆறு வீட்டுக்கு ஒரே நாளில் மெகர் போட்டுப் பார்த்தால் கூலியும் ஆளுக்குக் கொஞ்சம்தான் வரும், போக்குவரத்துக் காசும் ஒன்றுதான். கூரைக்குள் எலி கடித்த வயரையும், புகைபிடித்து உறை பொரிந்துபோன அடுப்படி வயரையும் அன்றைக்கே பார்த்துவிடலாம். கட்டடத்தில் துளை போடுவது, லைன் மாற்றுவது என்றால் தோட்ட நிர்வாகத்திடம் முதலில் சொல்லிவிடுங்கள். பக்கத்து வீட்டுக்கு வயர் இழுக்கச் சொன்னால் நல்ல எலெக்ட்ரீஷியன் மறுப்பார். கோபப்படாமல், புது இணைப்புக்கு விண்ணப்பிக்க என்னென்ன வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள்.

போர்டு மூடியின் உட்பக்கம்

ஆள் முடிவானதும் ஒரு மார்க்கரை எடுத்து போர்டு மூடியின் உட்பக்கத்தில் எழுதுங்கள். அவர் பெயர், நம்பர். அடுத்த இரண்டு பேரின் நம்பர். 1987, பக்கத்தில் கணக்கு இலக்கம். 1990, 110. ஒவ்வொரு எம்.சி.பி.க்கும் கீழே எந்த அறை என்று அவரையே எழுதச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் "அடுப்படி", "ரூம்", "வெளி லைட்" என்று எழுதியிருக்கிறார். கடைசி எம்.சி.பி.க்குக் கீழே மட்டும் ஒரு கேள்விக்குறி. அது எங்கே போகிறது என்று அவருக்கும் இன்னும் தெரியவில்லை. அதைத் தேட ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அதுவரை அதை இறக்கியே வைத்திருக்கிறோம்.